பட்டியிலேயே இருந்த இனம்

இறைச்சி மாடு என்றதும் பெரிய உடம்பைத் தேடுவது எம்மவர் வழக்கம். கன்று போடாத பெரிய பசுவால் என்ன பயன்?

1940களில் தென் றொடீசியாவின் (இன்றைய சிம்பாப்வே) வறண்ட தென்பகுதியில் லென் ஹார்வி என்ற அரசாங்க அதிகாரி ஒன்றைக் கவனித்தார். ஆபிரிக்கக் கமக்காரரின் பட்டிகளுக்குள் மஞ்சள் நிறமான சில மாடுகள் மற்றவற்றைவிட நன்றாகத் தேறி நின்றன. அவற்றை விலைக்கு வாங்கி அரசாங்கப் பண்ணையில் பெருக்கினார்கள். அதுவே டூலி இனம். கண்டுபிடித்த பெயர் அதிகாரிக்கு. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த மாடுகளை வறட்சியில் காத்து வந்தவர்கள் அந்தக் கமக்காரர்களே.

டூலி வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும். பெரும்பாலானவற்றுக்குக் கொம்பில்லை, சாதுவானவை. ஒழுங்காகக் கன்று ஈனும். 1990இல் அவுஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது பிராமன் கலப்பைவிட டூலிக் கலப்பின் இறைச்சி மென்மையாக இருந்தது, நிறைதான் குறைவு. நிறைக்கு விற்பவருக்கு அது நட்டமே, மறைப்பதற்கில்லை.

ஆயினும் தீனி வாங்க வசதியின்றி, மூன்று நான்கு பசுக்களோடு மீண்டும் தொடங்குகிறவருக்கு, மழை பொய்த்த வருடத்தில் பசு சாகாமல் நிற்பதும் மறுவருடம் கன்று போடுவதுமே பெரிது. நிறை வேண்டுமானால் பெரிய இன நாம்பனைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். தாய் டூலியாக இருக்கட்டும்.