கன்னிமாராவின் மண்டபமும் நம் வீட்டுப் பெட்டியும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துள் நுழைவோரின் கண்ணையும் கருத்தையும் கவர்வது கன்னிமாரா பொது நூலகத்தின் பழைய மண்டபம். வண்ணக் கண்ணாடிகளும், வளைந்துயர்ந்த கூரையும், தேக்குமர அடுக்குகளும் கொண்ட அம்மண்டபம் மரபுக் கட்டடமாகப் போற்றப்படுகிறது. போற்றுதற்குரியதே. ஆயினும், கட்டடத்தைப் போற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

இந்நூலகத்தின் தொடக்கம் மிக எளியது. இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் மிகுதியாயிருந்த நூல்கள் சென்னைக்கு வந்தன. அவற்றைக் கொண்டு 1860களில் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாகச் சிறு நூலகம் அமைந்தது. ஆளுநர் கன்னிமாரா பிரபு 1890 மார்ச் 22இல் தனிக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். ஹென்றி இர்வின் வடிவமைத்த அக்கட்டடம் 1896 டிசம்பர் 5இல் திறக்கப்பட்டது. 1970களில் அருகே புதிய கட்டடம் எழுந்தபின், வாசகரின் அன்றாட நடமாட்டம் அங்கே மாறிற்று. பழைய மண்டபம் பழைய நூல்களின் இருப்பிடமாயிற்று.

எனினும், கன்னிமாராவின் பெருமை கல்லாலும் மரத்தாலும் மட்டும் வந்ததன்று. நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் போன்றோரின் அயரா உழைப்பால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. 1950இல் கன்னிமாரா மாநில மைய நூலகமாயிற்று. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தால், நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்றாகவும் ஆயிற்று. யார் எழுதினாலும் இடமுண்டு என்ற அந்த ஏற்பாடே அதன் உயிர்.

ஆனால், அச்சட்டத்தின் கை எட்டாத நூல்களும் உள. பாட்டனார் கைப்பட எழுதிய ஏடுகள், சிற்றூர் அச்சகங்களில் சில படிகளே அச்சான முனாஜாத்துகள், அரபுத் தமிழில் அமைந்த மார்க்க நூல்கள் ஆகியவை நம் வீட்டுப் பெட்டிகளில் செல்லரித்துக் கிடக்கின்றன. அரபுத் தமிழைப் படிக்கத் தெரிந்த மூத்தோரும் அருகி வருகின்றனர். பேராசிரியர் ம. மு. உவைஸ் போன்றோர் தேடித் தொகுத்திராவிடில், இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் பரப்பையே நாம் அறிந்திருக்க மாட்டோம். தமிழோடு உருது, தெலுங்கு, கன்னடம் ஆகியனவும் வழங்கும் நம் எல்லைப் பகுதியில் இத்தேடல் இன்னும் முழுமையாக நடைபெறவில்லை.

"கொடுத்த நூல் திரும்பி வராது" என்று பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் நியாயமானதே. எனவே நூலைக் கேட்க வேண்டா, விவரத்தைக் கேட்போம். காவேரிப்பட்டினத்திலிருந்தே தொடங்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் தெருவின் பத்து வீடுகளுக்குச் சென்று நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வரட்டும். இசைவு தருவோரின் நூல்களைக் கைப்பேசியில் படமெடுக்கட்டும். துறை அவற்றைத் தொகுத்துக் காக்கட்டும். நூல் உரியவர் வீட்டிலேயே இருக்கும். அதன் பொருள் ஊருக்கு உரியதாகும்.

மண்டபத்தைக் காக்க அரசு உண்டு. பெட்டியைக் காக்க நம்மையன்றி யாருளர்?