பன்னிரண்டு மணிக்கு நிழல் எங்கே போகும்?

ஏப்ரல் மாத மதியத்தில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? காலையில் அங்கே ஓடித் திரிந்த தெருநாய்களில் ஒன்றைக்கூட ரோட்டில் பார்க்க முடியாது. கொஞ்சம் குனிந்து தேடினால் கிடைக்கும். ஒன்று, நிற்கிற லாரிக்கு அடியில் படுத்திருக்கும். இன்னொன்று, குழாயடியில் ஈர மண்ணைப் பறித்து, அதில் வயிற்றை அழுத்திக்கொண்டு கிடக்கும். மூன்றாவது, சாக்கடைக்குள்ளேயே இறங்கியிருக்கும். (நமக்குத்தான் நாற்றம். அதற்கு அது ஏ.சி. ரூம்!)

இதையெல்லாம் யாரும் அவற்றுக்குச் சொல்லித் தரவில்லை. வெயில் ஏறினால் எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்கே தெரியும்.

இப்போது உங்கள் வீட்டு நாயை நினைத்துப் பாருங்கள். அதுவும் இதே அறிவோடுதான் பிறந்தது. ஆனால், அதன் கழுத்தில் சங்கிலி இருக்கிறதே! நிழல் நகர்ந்தால் கூடவே அதுவும் நகர முடியாதே!

2024 அக்டோபரில் தமிழக அரசு ஒரு முக்கியமான அறிவிப்பை வெளியிட்டது. புயல், வெள்ளம் மாதிரி வெப்ப அலையும் ஒரு பேரிடர்தான் என்றது அந்த அறிவிப்பு. வெப்ப அலையால் யாராவது இறந்தால், அவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்கும். தண்ணீர்ப் பந்தல் வைக்கவும், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கவும் பேரிடர் நிதியைச் செலவிடலாம். காரணம் இல்லாமல் இல்லை. 1901ல் இருந்து வைத்திருக்கும் கணக்கில், இந்தியாவுக்கு மிகவும் வெப்பமான ஆண்டு 2024தான். உலகத்துக்கும் அதே கதைதான்.

நல்ல அறிவிப்பு. ஆனால், அது மனிதர்களை மனதில் வைத்துச் செய்தது. அப்படியானால் வாயில்லா ஜீவன்களுக்கு எந்த விதியும் கிடையாதா?

இருக்கிறது! அதுவும் 60 வருடத்துக்கு முந்தையது. 1965ல் மத்திய அரசு, வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்காகச் சில விதிகளைக் கொண்டு வந்தது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில், பகல் 12 மணியில் இருந்து 3 மணி வரை மாட்டையோ, குதிரையையோ, கழுதையையோ வண்டியில் பூட்டக் கூடாது, சுமை ஏற்றக் கூடாது என்கிறது அதில் ஒரு விதி. அமெரிக்காவில் பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் ஃபீனிக்ஸ் நகரத்தில், 2016ல் இதே போல ஒரு விதி போட்டார்கள். வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நகரத்தின் மலைப் பாதைகளில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கக் கூடாது. 100 ஃபாரன்ஹீட் என்றால் ஏறக்குறைய 38 செல்சியஸ். எங்கேயோ இருக்கிற இரண்டு ஊர்க்காரர்கள், 50 வருட இடைவெளியில், கிட்டத்தட்ட ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?

அந்த எண், கோடையில் நம் ஊருக்கு ஒன்றும் புதிதல்ல. ஒரே மாவட்டத்தில் கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள். கீழே வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, வேடசந்தூர் பக்கம் விசிறியோடு உட்கார்ந்திருப்பார்கள். மேற்கே நிற்கும் பழனி மலைத்தொடர் தென்மேற்குப் பருவ மழையைத் தடுத்துவிடுகிறது. கடற்காற்று வந்து குளிர்விக்கக் கடலும் பக்கத்தில் இல்லை.

இன்னொரு ரகசியம் தெரியுமா? டி.வி.யில் 'இன்று 38 டிகிரி' என்று சொல்கிறார்களே, அது நிழலில் அளந்த கணக்கு! வானிலை நிலையத்தில் வெப்பமானியை வெள்ளை அடித்த, காற்றோட்டமான மரப்பெட்டிக்குள், தரையில் இருந்து சுமார் நாலடி உயரத்தில் வைத்திருப்பார்கள். வெயிலில் கட்டிப்போட்ட நாய் அந்தப் பெட்டிக்குள்ளா இருக்கிறது? அதன் வயிறு தரையில் இருந்து ஒரு அடிதான். அந்த நேரத்தில் தார் ரோடு 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். உங்கள் புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து வரை எண்ணிப் பாருங்கள். எண்ண முடியாவிட்டால், அதன் பாதமும் அங்கே நடக்க முடியாது.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு அப்படி வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அது போதாது. அதனால்தான் நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கிறது. நாக்கிலும் வாயிலும் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூடு குறையும். அதன் உடம்பு வெப்பம் சாதாரணமாக 38, 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சப்பை மூக்கு 'பக்' நாய்க்கு மூச்சு விடுவதே சிரமம். அது எப்படி நன்றாக இளைக்கும்? பனிப் பிரதேசத்து ஹஸ்கியை அழகுக்காக வாங்கி வந்து நம் வெயிலில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மாதிரியான நம் நாட்டு நாய்கள் மெல்லிய ரோமத்தோடு இந்த வெயிலுக்குப் பழகியவை. ஆனால், அவற்றுக்கும் வியர்க்காது. அதை மறந்துவிடாதீர்கள்.

சரி, தலைப்புக்கு வருவோம். நீங்கள் காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, வீட்டுச் சுவரின் மேற்குப் பக்கம் நல்ல நிழல் இருக்கும். 'பாவம், நிழலில் இருக்கட்டும்' என்று நாயை அங்கே கட்டிவிட்டுப் போவீர்கள். ஏப்ரல் நடுவில் சூரியன் திண்டுக்கல்லுக்கு நேர் உச்சிக்கு வருகிறது. பன்னிரண்டு இருபது வாக்கில், சுவருக்கு நிழலே இருக்காது! அதன் பிறகு சூரியன் மேற்கே சாயும். காலையில் நிழலாக இருந்த அதே இடம், சாயங்காலம் வரை நேர் வெயிலில் காயும். நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். அது சங்கிலியைச் சுற்றிச் சுற்றி வரும். தண்ணீர்க் கிண்ணமும் கவிழ்ந்திருக்கும்.

கட்டியவர் யாரும் கெட்டவர் இல்லை. நிழல் நகரும் என்பதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

மரத்தடி என்றால் பரவாயில்லை. உச்சி வெயிலிலும் வேம்புக்கும் புங்கைக்கும் அடியில் நிழல் உண்டு. தகரக் கொட்டகை நிழல்தானே என்று நினைக்காதீர்கள்; மேலே தகரம் காய்ந்தால் உள்ளே அடுப்புதான். தண்ணீரை எவர்சில்வர் கிண்ணத்தில் வைக்காமல், அகலமான மண்சட்டியில் ஊற்றி, பாதியை மண்ணில் புதைத்துவிடுங்கள். கவிழாது, ஜில்லென்றும் இருக்கும். குளிப்பாட்டுவதாக இருந்தால், மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்க் தண்ணீரை முதலில் உங்கள் கையில் பிடித்துப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு அது வெந்நீர்! நிறுத்தி வைத்த காருக்குள் பத்து நிமிடம்கூட நாயை விடக் கூடாது.

சங்கிலி மட்டும்தான் கட்டா என்ன? பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைத்த கோழிக்கும் இதே கதிதான். கோழிக்கும் வியர்க்காது. வாயைத் திறந்து, இறக்கையை உடம்பில் இருந்து விலக்கி வைத்துக்கொண்டு நின்றால், 'எனக்கு வெயில் தாங்கவில்லை' என்று அர்த்தம். பஞ்சாரத்தை உடனே தூக்கிவிடுங்கள். முயல் தன் காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். கம்பிக் கூண்டோடு வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுங்கள். மீன் தொட்டியில் தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பச்சைக்கிளி வைத்திருக்கிறீர்களா? வெயிலுக்கு முன்னால் வேறு பிரச்னை இருக்கிறது. அதைக் கூண்டில் வளர்ப்பதே 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நாய் நிறுத்தாமல் இளைத்து, எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு ரத்தச் சிவப்பாகி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். நிழலுக்குத் தூக்கிச் சென்று, வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையும்படி தண்ணீர் ஊற்றி, விசிறிவிட வேண்டும். வாயைப் பிளந்து தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறிவிடும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம். அது தெளிந்து எழுந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். உள்ளே நடந்த பாதிப்பு வெளியே தெரியாது.

வருகிற சனிக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு, நாய் கட்டும் இடத்தில் காலை 8 மணிக்கு நிழலின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். 12 மணிக்கு ஒன்று, 3 மணிக்கு ஒன்று. பிறகு அப்பாவையோ தாத்தாவையோ கூட்டி வந்து மூன்று கோடுகளையும் காட்டுங்கள். சங்கிலி எந்தக் கோடு வரை எட்டுகிறது என்று அவர்களே அளந்து பார்க்கட்டும்.