பணம் போக நொடி, திரும்பி வர எத்தனை நாள்?

பாலக்கரையில் பல வீடுகளில் மாதம் பிறந்தால் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் வரும். இப்போது அது செல்போனுக்கே வந்து விடுகிறது. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யுபிஐயும் சிங்கப்பூரின் பே நவ்வும் இணைக்கப்பட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் "கணக்கு முடங்கப் போகிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்ற அழைப்பும் அதே செல்போனுக்குத்தானே வருகிறது? ஏமாந்த பணம் நாடு தாண்டி விட்டால் யாரிடம் போய் நிற்பது?

வங்கிகளே இப்படி ஏமாந்ததுண்டு. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து, வங்கிகள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வழியாக, மூன்று போலி உத்தரவுகள் போயின. மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். பிப்ரவரி 7 அன்று கணக்கை ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது. பிளஸ் ஒன்னில் படிக்கும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் சும்மா இல்லை! உடனே மற்ற வங்கிகளுக்குத் தகவல் பறந்தது. நியூயார்க் வழியாகத் துபாய்க்குப் போக இருந்த 5 லட்சம் டாலர் நின்றது. துருக்கிக்குப் போன 3 லட்சம் யூரோவும் தடுக்கப்பட்டது. சீனாவுக்குப் போன 10 லட்சம் டாலரைத்தான் போலி ஆவணம் காட்டி ஒருவர் உரிமை கோரியதாக வங்கி சொன்னது.

2016ல் வங்கதேச மத்திய வங்கிக்கு இந்த அவகாசம் கிடைக்கவில்லை. பணத்தை நிறுத்தச் சொன்ன செய்தி பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தபோது அங்கே சீனப் புத்தாண்டு விடுமுறை. 8 கோடியே 10 லட்சம் டாலர் கை மாறிப் போனது.

ஆக, பணத்தைக் காப்பாற்றுவது வேகம்தான். வங்கிக்கு நஷ்டம் என்றால் அந்த வேகம் கிடைக்கிறது. வாடிக்கையாளருக்கு?

உள்நாட்டில் 1930 என்ற எண் இருக்கிறது. புகார் வந்ததும் பணம் எந்தெந்த வங்கிக்கு மாறியதோ அங்கெல்லாம் தகவல் போய், மீதியை முடக்குகிறார்கள். சிங்கப்பூரில் 2022ல் அமைந்த மோசடித் தடுப்புப் பிரிவில் வங்கி ஊழியர்கள் போலீசாருடன் ஒரே இடத்தில் அமர்ந்து வேலை பார்க்கிறார்கள். பணத்துக்கு வழி இணைத்த இந்த இரு நாடுகளும் புகாருக்கும் வழி இணைத்தால் என்ன?

சட்டங்கள் வேறு வேறு, தவறில்லாதவர் கணக்கும் முடங்குமே என்பார்கள். நியாயமான பயம்தான். காந்தி மார்க்கெட் வியாபாரி ஒருவருக்கு யாரோ அனுப்பிய காசால் கணக்கு முடங்கினால் அவர் மறுநாள் எப்படிச் சரக்கு எடுப்பார்? அதனால் புகாரில் உள்ள தொகையை மட்டும், அதுவும் இரண்டு நாள் மட்டும் நிறுத்தி வைக்கலாம். அதற்குள் ஆதாரம் வராவிட்டால் விட்டு விடலாம்.

அதுவரை ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்குப் பேச வேண்டும். ராத்திரி ஆனாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. திருடன் காத்திருக்க மாட்டான்!