தேயிலைக்குள் சிறுத்தை

ஹட்டன், பொகவந்தலாவை பக்கம் கொழுந்து மலையில் சிறுத்தை தென்பட்டால் போதும், 'ஊருக்குள் புகுந்தது' என்று செய்தி வந்துவிடும். புகுந்தது யார்? 19ஆம் நூற்றாண்டில் காட்டை வெட்டிக் கோப்பியும், பிறகு தேயிலையும் நட்டபோது அதன் வீட்டுக்குள் போனவர்கள் மனிதர்கள்தான்.

இலங்கையில் சிங்கமும் இல்லை, வேங்கையும் இல்லை. சிறுத்தைக்கு மேலே வேட்டைக்காரன் கிடையாது. மரை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, முயல் என்று கிடைப்பதைத் தின்னும். சில நேரம் லயத்து நாயையும். பகலில் ஓடையோரக் காட்டிலோ, காடேறிப்போன தேயிலையிலோ படுத்துக்கிடந்து, இருட்டியதும் தோட்டத்து ரோட்டிலேயே நடக்கும்.

அதற்கு எமன், பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டத்தில் அப்படியொரு கம்பியில் கழுத்து மாட்டிக்கொண்டது ஒரு கருஞ்சிறுத்தை. அது தனி இனமல்ல. நிறமி மிகுதியால் கறுத்த சிறுத்தை. வெயில் பட்டால் உடம்பின் புள்ளிகள்கூடத் தெரியும். மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் இறந்தது.

மரக்கறி போட்டவரின் நட்டமும் பொய்யல்ல. ஓரிரவில் பன்றிக்கூட்டம் உருளைக்கிழங்குப் பாத்தியையே உழுதுவிடும். வேலிக்கும் நட்டஈட்டுக்கும் தோட்ட நிர்வாகமும் அரசும் வழிசெய்யட்டும். விறகுக்குப் போகிறவர்கள் கம்பியைக் கண்டால், உடனே வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.