கிரியேட்டினின் அளவு மட்டும் போதாது

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்கு ஏஆர்டி (எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்துச் சிகிச்சை) மையங்களில் இன்று பெரும்பாலும் தரப்படுவது ஒரே மாத்திரைதான்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கியது. இந்திய அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கிய 2004-இல் உயிர் பிழைப்பதே பெரும் கவலை. அன்று மருந்து எடுக்கத் தொடங்கியவர்களில் பலர் இன்று ஐம்பது, அறுபது வயதைத் தாண்டுகிறார்கள். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்கின்றன. டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிலருக்கு அது அங்குள்ள நுண்குழாய்களைச் சேதப்படுத்தும். பெரும்பாலோருக்கு இப்படி நேர்வதில்லை. அந்தச் சிலரை முன்கூட்டியே கண்டறிவதுதான் பரிசோதனையின் வேலை.

ரத்தத்தில் கிரியேட்டினின் 1.0 என்று வந்தால் ‘நார்மல்’ என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்தவர்களிடம் அது குறைவாகவே உருவாகும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தின்படி, 75 கிலோ எடையுள்ள 30 வயது ஆணுக்கு இதே 1.0, நிமிடத்துக்குச் சுமார் 115 மி.லி. சிறுநீரக வடிதிறனைக் காட்டும். 40 கிலோ எடையுள்ள 60 வயதுப் பெண்ணுக்கோ சுமார் 38 மட்டுமே. வடிதிறன் 50-க்குக் கீழே போனால் இந்தக் கூட்டு மாத்திரை பொருந்தாது. எதிர்த்திசையிலும் ஏமாறலாம்: டோலுடெக்ராவிர், சிறுநீரகத்துக்குக் கேடு செய்யாமலே கிரியேட்டினினைச் சற்று உயர்த்தும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கச் சிறுநீர்ப் பரிசோதனை உதவும். ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரையோ, புதிதாகப் புரதமோ தென்பட்டால் நுண்குழாய்களைச் சந்தேகிக்க வேண்டும்.

பக்கவிளைவைப் பேசினால் நோயாளிகள் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. மருந்தை நிறுத்தினால் எச்.ஐ.வி.யே சிறுநீரகத்தைத் தாக்கும். சிகிச்சையை இடையிடையே நிறுத்தியவர்களிடம் மரணமும் இதய, சிறுநீரக, கல்லீரல் நோய்களும் கூடியதை 2006-இல் வெளியான ‘ஸ்மார்ட்’ ஆய்வு காட்டியது. எனவே மருந்தை நிறுத்தாதீர்கள், பரிசோதனையைத் தவறவிடாதீர்கள் என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லோருக்கும் டெனோஃபோவிரின் புதிய வடிவமான அலாஃபெனமைடைத் தரலாமே என்பார்கள். அது சிறுநீரகத்துக்கு இதமானதுதான். ஆனால் அதில் எடையும் கொழுப்பும் கூடக்கூடும், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதன் அளவைக் குறைக்கும். யாருக்கு மாற்ற வேண்டும் என்று அறியவும் அதே கணக்குதான் தேவை.

கூட்டம் நிரம்பிய மையங்களில் இதற்கு நேரம் ஏது என்ற கேள்வி எழலாம். வயதும் எடையும் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கின்றன. கணக்கைக் கணினியே போடும். சிறுநீர்ப் பட்டைச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஆபத்தைக் கூட்டும் என்று மாத்திரை தரும்போதே சொல்லிவிடலாம். ஆய்வகச் சீட்டில் கிரியேட்டினினுக்குப் பக்கத்தில் வடிதிறனையும் அச்சிடுவதைக் கட்டாயமாக்குவதே அரசு எடுக்க வேண்டிய முதல் நடவடிக்கை.