பாக்டீரியா மருந்து அடித்தும் புழு சாகவில்லையே?

கேள்வி: சம்பா நடவு செய்து 40 நாள் ஆகிறது. இலைச்சுருட்டுப் புழு தெரிந்ததால், கடையில் கொடுத்த பாக்டீரியா மருந்தை நேற்று காலை 10 மணிக்கு அடித்தேன். இன்றும் புழு உயிரோடு இருக்கிறது. ரசாயன மருந்து அடித்துவிடலாமா? இதே பாக்டீரியா புகையானுக்கும் கேட்குமா?
- வாசகர், ஒரத்தநாடு

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் பாக்கெட்டில் உள்ள பெயரைப் பாருங்கள். சூடோமோனாஸ் என்று இருந்தால், அது குலைநோய், இலையுறைக் கருகல் போன்ற நோய்களுக்கானது. விதை நேர்த்திக்கு கிலோவுக்கு 10 கிராம் கலப்பதும் இதைத்தான். புழுவுக்கு உரியது பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி.

பி.டி. மண்ணில் இயற்கையாகவே வாழும் பாக்டீரியா. 1901-ல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கூட்டமாகச் செத்ததை ஆராய்ந்தபோதுதான் இது முதலில் தெரியவந்தது. இது தொட்டவுடன் கொல்லும் விஷம் அல்ல. புழு இலையோடு சேர்த்துத் தின்ன வேண்டும். அதிலுள்ள புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரைத் துளைக்கும். சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாக இரண்டு, மூன்று நாளாகும். எனவே, புழு நெளிகிறதா என்று பார்க்காதீர்கள்; இலையில் புதிதாக வெள்ளைக் கோடு விழுகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் அடித்த நேரம்தான் தவறு. வெயில் பட்டால் இந்த பாக்டீரியா வீரியம் இழந்துவிடும். மாலை 4 மணிக்கு மேல், மழை இல்லாத நாளில், புழு சிறிதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். அதற்கு முன், இருவர் எதிரெதிர் வரப்பில் நின்று கயிற்றைப் பயிரின் மேல் இழுத்துச் சென்றால், சுருண்ட இலைகள் பிரிந்து புழுக்கள் தண்ணீரில் விழும். தாமிர மருந்துகளோடு கலக்க வேண்டாம். அளவு, காலாவதி தேதி இரண்டையும் பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் அடிக்கவே கூடாது, பட்டுப்புழுவும் புழுதான்.

மூன்றாம் நாள் வயலில் பல இடங்களில் எண்ணிப் பாருங்கள். தூர் கட்டும் பருவத்தில் 100 இலைக்கு 10, கண்ணாடி இலைப் பருவத்தில் 5 என்ற அளவைத் தாண்டினால் மட்டுமே அடுத்த மருந்து பற்றி யோசியுங்கள். சின்தடிக் பைரித்ராய்டு வகை மட்டும் வேண்டாம். அது சிலந்தி போன்ற நன்மை செய்யும் உயிரினங்களை அழித்து, புகையானைப் பெருக்கிவிடும்.

புகையானுக்கு பி.டி. கேட்காது. அது இலையைத் தின்பதில்லை. தூரில் அமர்ந்து சாறு உறிஞ்சுகிறது. தண்ணீரை வடித்துக் காயவிடுவதும், யூரியாவைக் குறைத்துப் பிரித்து இடுவதும்தான் அதற்கு முதல் வைத்தியம். அடுத்த நடவில் 8 அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடுங்கள். சந்தேகம் இருந்தால், தாக்கிய தூரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்லுங்கள். எந்தப் பூச்சி என்று தெரிந்த பிறகு மருந்து வாங்கினால், காசும் மிஞ்சும், பயிரும் மிஞ்சும்.