திதி தெரியாத நம் முன்னோர்களுக்காக

புரட்டாசி மகாளய அமாவாசை நெருங்குது. ஆலயத் தொண்டர்களான நாங்க ஒரு விஷயத்தை உங்க முன்னால வைக்கிறோம்.

1942-இல் சப்பான்காரன் மலாயாவைப் பிடிச்சதும் ரப்பர் ஏற்றுமதி நின்னு போச்சு. தோட்டத்துல வேலையும் இல்ல, அரிசியும் இல்ல. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அந்த நேரத்துலதான் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் எடுத்தாங்க. நல்ல சம்பளம்னு நம்பிப் போனவங்களும் உண்டு, பிடிச்சு ஏத்தப்பட்டவங்களும் உண்டு. 1943 அக்டோபரில் பாதை முடிஞ்சது. அதுக்குள்ள காலரா, மலேரியா, பசி, அடி எல்லாமா சேர்ந்து ஆயிரம் ஆயிரமா நம்மவங்களைக் கொண்டு போயிடுச்சு.

காஞ்சனாபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறிச்ச கல்லறைகள் வரிசையா இருக்கு. அவங்களைவிடப் பல மடங்கு அதிகமா இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்குத் தனிக் கல்லறை இல்ல. தமிழர்களுக்கு அங்க ஒரு நடுகல் வைக்கவே 2023 ஆயிடுச்சு.

இங்க லயத்துல காத்திருந்த பெண்களை நினைச்சுப் பாருங்க. தகவல் வரல, அதனால பொட்டையும் அழிக்கல. பால் மரம் வெட்டி, பிள்ளைகளை வளர்த்து, மாரியம்மனுக்கு விளக்கும் ஏத்தினாங்க. நாம இன்னைக்கு நிக்கிறது அந்த நம்பிக்கை மேலதான்.

மன்னிப்புன்னா மறதி இல்ல. சப்பான் கம்பெனியில வேலை செஞ்சு குடும்பத்தைக் காப்பாத்துறவங்க நம்மில் எத்தனையோ பேர். அந்த நாட்டுக்காரங்க மேல நமக்குக் கோபம் கிடையாது. ஆனா 'உங்க தாத்தாதான் எங்க தாத்தா பெயரைக் கொடுத்தாரு'ன்னு பழைய கிராணி, கங்காணி வீட்டுப் பேரப்பிள்ளைகளோட முகம் கொடுக்காம இருக்கிறவங்க இன்னும் இருக்காங்க. தூரத்துல இருக்கிறவனை மன்னிக்கிறது சுலபம். அடுத்த வீட்டுக்காரரை மன்னிக்கிறதுதான் கஷ்டம், அதுதான் பக்தி. மிரட்டலுக்குப் பயந்து எழுதின கைக்கு மூணாம் தலைமுறை ஏன் கணக்குத் தீர்க்கணும்?

இறந்த திதி தெரியாதவங்களுக்கும் மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணியும் விடலாம்னு நம்ம சாஸ்திரமே வழி வச்சிருக்கு. சயாமுக்குப் போய்த் திரும்பாத உங்க வீட்டுப் பெரியவர் பெயரைக் கேட்டு எழுதிக் கொண்டு வாங்க. பெயர் தெரியலன்னா தோட்டத்துப் பெயர் போதும். பேசாத ரெண்டு குடும்பமும் அன்னைக்கு ஒரே வரிசையில நின்னா, போன ஆத்மாக்களுக்கு அதைவிடப் பெரிய தர்ப்பணம் வேற இல்ல.

ஓம் சக்தி.